பழைய லேப்டாப்ல விண்டோஸ் அப்டேட் 46%ல நின்னு திரும்பி வந்துடுது, அஞ்சு தடவ ஆச்சு, உதவி வேணும்

பழையகீபோர்டு:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவோட லேப்டாப், 2013ல வாங்கினது, வரும்போது விண்டோஸ் 8, அப்புறம் 10க்கு மாத்தினோம், 4 ஜிபி ரேம், 500 ஜிபி சுத்துற ஹார்டிஸ்க். இப்ப 1909 வெர்ஷன்ல நிக்குது. விண்டோஸ் 10ஓட கடைசி வெர்ஷனான 22எச்2வுக்கு ஏத்தணும், ஏன்னா விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுபோச்சு, 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் நீட்டிச்சு வாங்கிக்கலாம், ஆனா 22எச்2 இருந்தாதான் அதுக்குப் பதிவு பண்ணவே விடும். விண்டோஸ் 11 இதுல ஏறாது, டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு சிப் இல்ல, ப்ராசஸரும் லிஸ்ட்ல இல்ல, அதனால அந்தப் பேச்சே வேணாம்.

டவுன்லோடு ஒழுங்கா முடியுது. இன்ஸ்டால் 46% வரைக்கும் போய் அங்கயே உக்காந்துக்குது, ரெண்டு மணி நேரம் மூணு மணி நேரம் அப்படியே கிடக்கும், அப்புறம் தானா ரீஸ்டார்ட் ஆகி செஞ்சதையெல்லாம் திருப்பி எடுக்குறேன்னு ஒரு மணி நேரம் ஓட்டிட்டு பழைய டெஸ்க்டாப்புக்கே வந்துடும். அஞ்சு தடவ ஆச்சு. ட்ரபுள்ஷூட்டர் ஓட்டியாச்சு, டவுன்லோடு ஆன அப்டேட் ஃபைல் கிடக்கிற சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிப்யூஷன் ஃபோல்டரக் காலி பண்ணியாச்சு, சி டிரைவ்ல 60 ஜிபி இடமும் பண்ணி வச்சிருக்கேன். ரேம் பத்தலையா? புது லேப்டாப் வாங்கித் தரேன்னாலும் அப்பா கேக்க மாட்டேங்கிறார், 'எ' கீயில எழுத்தே அழிஞ்சுபோய் வழவழன்னு இருக்கு, அவருக்கு அதுதான் கை பழகியிருக்கு. 2009லேர்ந்து எடுத்த போட்டோ, அவர் டைப் பண்ணின கடிதங்க எல்லாம் இதுலதான்.

நட்டுபோல்ட்டு:
ரேம் காரணம் இல்ல ப்ரோ, 64 பிட்டுக்கு 2 ஜிபி இருந்தாலே ஏறும், மெதுவா ஏறும் அவ்வளவுதான். எரர் கோடு சொல்லாம யாராலயும் எதுவும் சொல்ல முடியாது. செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, அதுல அப்டேட் ஹிஸ்டரின்னு இருக்கும், ஃபெயில்ட்னு இருக்கிற வரியத் தொட்டா கோடு வரும். அது வரைக்கும் பென்டிரைவ், பிரிண்டர், மெமரி கார்டு எதாவது சொருகியிருந்தா கழட்டிடுங்க, வெளிலேர்ந்து போட்ட ஆன்டிவைரஸ் இருந்தா அதையும் அன்இன்ஸ்டால் பண்ணிடுங்க, பாதி பேருக்கு இதுலயே சரியாகிடும்.

வெட்டவெளி:
எதுக்கு இவ்ளோ கஷ்டம், பென்டிரைவ்ல 22எச்2 போட்டு ஃபார்மேட் அடிச்சு புதுசா இன்ஸ்டால் பண்ணுங்க, ஒரு மணி நேர வேலை.

பழையகீபோர்டு:
கோடு கிடைச்சுது, 0எக்ஸ்8007045டி. அஞ்சு தடவயும் இதே கோடுதான். பென்டிரைவ் எதுவும் சொருகல.

இன்னொண்ணு, சம்பந்தம் இருக்கான்னு தெரியல, கொஞ்ச நாளாவே ஒரு குறிப்பிட்ட போட்டோ ஃபோல்டரத் திறந்தா மட்டும் மெஷின் அரை நிமிஷம் உறைஞ்சு நிக்குது, மவுஸ் கூட நகராது. அப்ப காத வச்சுக் கேட்டா உள்ள 'டிக்... டிக்...'னு சின்னதா ஒரு சத்தம், நகத்தால மேசையத் தட்டுற மாதிரி. 46%ல நிக்கும்போதும் அதே சத்தம்தான் வருது.

இரும்புப்பெட்டி:
தம்பி, முதல்ல கைய எடுத்துடுங்க. ஆறாவது தடவ ட்ரை பண்ணாதீங்க, ஃபார்மேட்டும் பண்ணாதீங்க.

அந்தக் கோடுக்கு அர்த்தம், டிவைஸ்கிட்ட ஒரு விஷயத்தப் படிக்கவோ எழுதவோ சொன்னேன், முடியலன்னு அது சொல்லுது, இன்புட் அவுட்புட் எரர். கடைசில இருக்கிற 45டிங்கிறத சாதாரண எண்ணா மாத்தினா 1117, விண்டோஸ்ல அந்த நம்பருக்கு இதுதான் பொருள். அப்டேட் ஃபைல் கெட்டிருந்தாலோ டிரைவர் ஒத்துக்காம போனாலோ வர்ற கோடு வேற. பென்டிரைவ், டிவிடிலேர்ந்து ஏத்தும்போது அந்த பென்டிரைவே சரியில்லன்னாலும் 45டி வரும், ஆனா நீங்க எதுவும் சொருகல. மிச்சம் இருக்கிறது உள்ள இருக்கிற டிஸ்க்தான். பழைய விண்டோஸ் ஃபைல், டிரைவர் எல்லாத்தையும் அப்டேட்டு ஒண்ணு விடாம தொட்டு நகத்தும், தினசரி வேலைல யாரும் தொடாத மூலைக்கெல்லாம் போகும், அங்க ஒரு இடம் கெட்டுப்போயிருந்தா அதுல மாட்டிக்கும். நீங்க கேக்கிற டிக் சத்தம், டிஸ்கப் படிக்கிற முனையான ஹெட்டு அந்த இடத்தப் படிக்க முடியாம திரும்பத் திரும்ப முயற்சி பண்றதா இருக்கலாம்.

செய்ய வேண்டியது, கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு சின்ன இலவச புரோகிராம் இருக்கு, அதுல 05, சி5, சி6ன்னு மூணு வரியப் பாருங்க. 05ங்கிறது ஏற்கனவே கெட்டு மாத்து இடத்துக்கு நகத்தின செக்டாரு (டிஸ்க்ல டேட்டா எழுதுற சின்னச் சின்ன கட்டம்), சி5 படிக்க முடியாம நிலுவைல நிக்கிறது, சி6 திருத்தவே முடியாதது. இதப் பாக்கிறதால டிஸ்குக்கு பளு எதுவும் இல்ல. விண்டோஸ் தன் பிழைகளக் குறிச்சு வைக்கிற ஈவென்ட் வியூவர்ல சிஸ்டம் லாக்ல டிஸ்க்னு சோர்ஸ் போட்டு 7ங்கிற நம்பர் இருக்கான்னும் பாருங்க, பேட் பிளாக் இருக்குன்னு அர்த்தம்.

நட்டுபோல்ட்டு:
அண்ணா சொல்றது சரிதான், கோடப் பாத்தா டிஸ்க்தான். ஆனா டிஸ்கப் பரிசோதிக்கிற விண்டோஸ் கட்டளையான செக்டிஸ்க்க ஸ்லாஷ் ஆர் போட்டு ஓட்டினா பேட் செக்டார மார்க் பண்ணி ஒதுக்கிடுமே, அப்புறம் அப்டேட் ஏறிடாதா? எனக்கு அப்படி ஒரு தடவ ஏறியிருக்கு.

இரும்புப்பெட்டி:
ஏறலாம், இல்லன்னு சொல்லல. ஆனா எந்த நேரத்துல ஓட்டுறோம்கிறதுதான் கேள்வி. ஸ்லாஷ் ஆர் போட்டா முழு டிஸ்க்கையும் ஒரு முனைலேர்ந்து மறு முனை வரைக்கும் படிக்கும், காலியா இருக்கிற இடத்தையும் விடாது, 500 ஜிபிக்கு மணிக்கணக்குல ஓடும். சாகக் கிடக்கிற டிஸ்க்குக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் உயிருன்னு வச்சுக்கங்க, அந்த நேரத்த அப்பா போட்டோவக் காப்பி பண்ண செலவழிக்கணுமா, காலி இடத்தப் பரிசோதிக்க செலவழிக்கணுமா? இன்னொரு விஷயம், செக்டிஸ்க் கவலைப்படுறது ஃபைல் சிஸ்டத்தோட கணக்கப் பத்தித்தான், உங்க ஃபைலப் பத்தி இல்ல. கணக்கு நேராகணும்னா ஒரு ஃபைலத் துண்டு துண்டாக்கி தனி ஃபோல்டர்ல போட்டுட்டுப் போயிடும். காப்பி எடுத்து முடிச்சதுக்கு அப்புறம் தாராளமா ஓட்டட்டும். நான் இந்த வரிசைய மாத்தி செஞ்சு ஒருத்தரோட ஆவணங்கள இழந்திருக்கேன், இன்னைக்கும் உறுத்துது, அதான் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்.

வெட்டவெளி:
நான் ஃபார்மேட்னு சொன்னது தப்பு, கோடு தெரியாம சொல்லிட்டேன். மன்னிச்சுக்கங்க.

பழையகீபோர்டு:
பாத்துட்டேன். மேல மஞ்சள் கலர்ல காஷன்னு (எச்சரிக்கை) இருக்கு. 05ல 28, சி5ல 1எஃப்8, சி6ல 1எஃப்8. ஈவென்ட் வியூவர்ல 7 நம்பர் பக்கம் பக்கமா வருது. 1எஃப்8னா எவ்ளோ?

இரும்புப்பெட்டி:
அதுல ஹெக்ஸாடெசிமல்ல காட்டும். 1எஃப்8னா 504, 28னா 40. 504 இடம் படிக்க முடியாம நிலுவைல இருக்கு. டிஸ்க மாத்தித்தான் ஆகணும், ஆனா இன்னும் ஓடுதுங்கிறது நல்ல செய்தி. இன்னைக்கே வெளி ஹார்டிஸ்க் ஒண்ணு எடுத்து, முக்கியமானத முதல்ல காப்பி பண்ணுங்க, சினிமா பாட்டெல்லாம் கடைசி. எக்ஸ்ப்ளோரர்ல இழுத்துப் போடாதீங்க, ஒரு ஃபைல் மாட்டினா மொத்தமும் நின்னுடும். விண்டோஸ்லயே இருக்கிற ரோபோகாப்பிங்கிற காப்பி கட்டளையப் பயன்படுத்துங்க.

பழையகீபோர்டு:
ரோபோகாப்பி போட்டேன் அண்ணா, நல்லா போயிட்டு இருந்துச்சு, அந்த ஃபோல்டர் வந்ததும் ஒரே போட்டோல நின்னுடுச்சு, 30 செகண்டு காத்திரு காத்திருன்னு வந்துட்டே இருக்கு, முக்கா மணி நேரமா அதே ஃபைல். டிக் சத்தமும் நிக்கல. என்ன பண்றது, பயமா இருக்கு.

இரும்புப்பெட்டி:
உடனே கன்ட்ரோல் சி அடிச்சு நிறுத்துங்க. என் தப்பு, முன்னாடியே சொல்லியிருக்கணும். ரோபோகாப்பி எதுவும் சொல்லலன்னா ஒரு ஃபைலுக்கு 10 லட்சம் தடவ முயற்சி பண்ணும், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல 30 செகண்டு காத்திருக்கும். ஸ்லாஷ் ஆர் கோலன் 1, ஸ்லாஷ் டபிள்யூ கோலன் 1, இந்த ரெண்டையும் சேத்துப் போட்டா ஒரே ஒரு தடவ மறுபடி பாத்துட்டு விட்டுட்டு அடுத்த ஃபைலுக்குப் போயிடும். ஸ்லாஷ் இ போட்டா உள் ஃபோல்டரும் வரும். செக்டிஸ்க்ல வர்ற ஸ்லாஷ் ஆர் வேற, இது வேற, குழப்பிக்காதீங்க. லாக் ஃபைலும் எழுதச் சொல்லுங்க, எது விட்டுப்போச்சுன்னு பின்னாடி தெரியும்.

லேப்டாப்ப மேசைல சமமா வச்சு, ஆட்டாம, சார்ஜர்ல போட்டுட்டு நகந்துடுங்க. படுக்கைல வைக்காதீங்க, சூடு ஏறும்.

பழையகீபோர்டு:
ரெண்டு நாளா எழுத முடியல, மன்னிக்கணும். காப்பி முடிஞ்சுது. கடிதங்க எல்லாமே வந்துடுச்சு. போட்டோல 11 மட்டும் வரல, எல்லாம் அந்த ஒரே ஃபோல்டர்ல. அப்பாகிட்ட சொன்னேன், 'எந்த வருஷத்தது'ன்னு மட்டும் கேட்டார், 2014ன்னேன், ஒண்ணும் பேசாம உள்ள போயிட்டார். அந்த 11க்கு எதாவது வழி இருக்கா?

இரும்புப்பெட்டி:
இருக்கு. இன்ஸ்டால் பண்ணாமலே ஓடுற லினக்ஸ் லைவ் பென்டிரைவ்ல பூட் பண்ணி டிடிரெஸ்க்யூன்னு ஒரு மீட்பு புரோகிராம் ஓட்டணும். முதல் சுத்துல சுலபமாப் படிக்க முடியுறதையெல்லாம் வேகமா எடுத்துடும், கெட்ட இடத்தத் தாண்டிப் போயிடும், அப்புறம்தான் திரும்பி வந்து மிச்சத்தக் கொஞ்சம் கொஞ்சமாச் சுரண்டும். எது வந்துச்சு எது வரலன்னு குறிச்சு வைக்கிற மேப் ஃபைல்னு ஒண்ணு கண்டிப்பா குடுங்க, நடுவுல நின்னாலும் விட்ட இடத்துலேர்ந்து தொடரும். மூணு மறுமுயற்சி போதும். எந்த டிஸ்க் மூலம், எந்த டிஸ்க் இலக்குன்னு சைஸப் பாத்து ரெண்டு தடவ உறுதி பண்ணிக்கங்க, மாத்திக் குடுத்தா இருக்கிறதும் போயிடும். இலக்கு டிஸ்க்ல 500 ஜிபிக்கு மேல காலி இடம் இருக்கணும்.

ஒரு எச்சரிக்கை, படிக்க முடியாத இடம் காப்பில வெறும் சைபரா இருக்கும். ஃபைல் சைஸப் பாத்தா சரியாத்தான் தெரியும், அதனால ஒவ்வொரு போட்டோவாத் திறந்து கண்ணால பாருங்க.

தூத்தல்:
நடுவுல நுழையறதுக்கு மன்னிக்கணும், எனக்கும் பழைய மெஷின்தான், விண்டோஸ் 7லேர்ந்து 10க்கு வந்தது, ஆனா எனக்கு சிஸ்டம் ரிசர்வ்ட் பார்ட்டிஷன அப்டேட் பண்ண முடியலன்னு வருது. எனக்கும் டிஸ்க் போச்சா?

நட்டுபோல்ட்டு:
இல்ல, உங்களுது இடப் பிரச்சனை. விண்டோஸ் 7 போடும்போது பூட் ஃபைல் இருக்கிற அந்த பார்ட்டிஷனுக்கு 100 எம்பிதான் ஒதுக்கும், புது அப்டேட்டுக்கு அது பத்தல. சி டிரைவ்ல எவ்ளோ காலியா இருந்தாலும் இதுக்கு உதவாது. தனியா எழுதுங்க, டிஸ்க் மேனேஜ்மென்ட் படம் எடுத்துப் போடுங்க, பாத்து சொல்றேன்.

பழையகீபோர்டு:
வந்துடுச்சு அண்ணா! ராத்திரி முழுக்க ஓடுச்சு, காலைல பாத்தா ரெஸ்க்யூடுன்னு 99.99% காட்டுது. 11ல 9 முழுசா இருக்கு. மிச்சம் ரெண்டுல ஒண்ணு திறக்கவே இல்ல, இன்னொண்ணுல மேல்பாதி இருக்கு, கீழ்ப்பாதி சாம்பல் கலரா இருக்கு. அந்தப் பாதிலயே அம்மா முகம் தெளிவா இருக்கு, அப்பா அதத்தான் ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தார். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.

டிஸ்கும் மாத்திட்டேன், சுத்துற பாகம் இல்லாத எஸ்எஸ்டி போட்டேன். பின்னாடி வர்றவங்களுக்காக எழுதுறேன். பழைய ஹார்டிஸ்க் 9.5 எம்எம் தடிமன், எஸ்எஸ்டி 7 எம்எம்தான், அப்படியே வச்சா உள்ள ஆடுது, எஸ்எஸ்டியோட வந்த பிளாஸ்டிக் சட்டத்த ஒட்டினதும் கெட்டியா உக்காந்துச்சு. 8 ஜிபி பென்டிரைவ்ல மீடியா கிரியேஷன் டூல் வச்சு 22எச்2 போட்டேன். பூட் மெனுல பென்டிரைவ் பேரு ரெண்டு தடவ வந்துச்சு, யுஇஎஃப்ஐன்னு (புது முறை பூட்) போட்டிருந்ததத்தான் எடுத்தேன். ப்ராடக்ட் கீ கேட்ட இடத்துல என்கிட்ட கீ இல்லன்னு குடுத்தேன், நெட் குடுத்ததும் தானா ஆக்டிவேட் ஆயிடுச்சு.

இரும்புப்பெட்டி:
ரொம்ப சந்தோஷம் தம்பி. லைசன்ஸ் மதர்போர்ட வச்சுத்தான் பதிவாயிருக்கும், டிஸ்க் மாத்தினா போகாது. பழைய டிஸ்க இப்பவே தூக்கிப் போடாதீங்க, காப்பிய ரெண்டாவது இடத்துலயும் வச்சு திறந்து பாத்ததுக்கு அப்புறம் யோசிங்க. நீட்டிச்ச அப்டேட்டுக்குப் பதிவு பண்ற லிங்க் வந்துச்சா?

பழையகீபோர்டு:
முதல்ல வரல. மிச்ச அப்டேட் எல்லாம் ஏறி ரெண்டு தடவ ரீஸ்டார்ட் பண்ணினதும் விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே வந்துச்சு, அப்பா பேர்ல மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒண்ணு போட்டு லாகின் பண்ணி பதிவு பண்ணிட்டேன். ஒரு அப்டேட்டும் எங்கயும் நிக்கல. ரெண்டாவது காப்பிய தங்கச்சி வீட்டுக்குக் குடுத்துவிட்டேன், அவ திறந்து பாத்து எல்லாம் தெரியுதுன்னு சொல்லிட்டா. அப்பா இப்ப கடிதம் டைப் பண்ணிட்டு இருக்கார், உள்ளேர்ந்து கீபோர்டு சத்தம் மட்டும்தான் கேக்குது.