ஆல்ஃபிரடோ பாஸ்தா: சீஸ் உருண்டு, வெண்ணெய் பிரிஞ்சுடுது. உதவுங்களேன்

புதுச்சமையல்:
ரோம்ல ஓட்டல் நடத்தின ஆல்ஃபிரடோ தி லேலியோ, பிள்ளை பெத்து சாப்பாடே இறங்காம இருந்த மனைவிக்காகச் செஞ்சதுன்னு சொல்ற ஃபெட்டுச்சினி (பட்டையான ரிப்பன் மாதிரி பாஸ்தா) இது. 1920ல தேனிலவுக்கு வந்த ஹாலிவுட் நடிகை மேரி பிக்ஃபோர்டும் அவங்க கணவர், நடிகர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸும் சாப்பிட்டு மயங்கி, பின்னால ஆல்ஃபிரடோவுக்குத் தங்கத்துல முள்கரண்டியும் ஸ்பூனும் பரிசா கொடுத்தாங்க. என் மனைவிக்கும் பிரசவமாகி மூணு மாசம். எது செஞ்சாலும் ரெண்டு வாய்தான். அதான் இதைச் செஞ்சு பார்த்தேன்.

200 கிராம் பாஸ்தா, வெண்ணெயும் சீஸும் தலா 80 கிராம், கிரீம் இல்லை. வெண்ணெயை உருக்கி சீஸைக் கொட்டினதும் மொத்தமும் பபிள்கம் மாதிரி கரண்டியில சுத்திக்கிச்சு. தட்டுக்கு அடியில மஞ்சளா வெண்ணெய் தேங்குது. எங்க தப்பு?

அடுப்படி அக்கா:
கிரீம் போடாதது சரி தம்பி, அது அமெரிக்காவுல சேர்ந்த பழக்கம். என்ன சீஸ்? அடுப்பு எரிஞ்சுதா? பாஸ்தா வடிச்ச தண்ணி எங்கே?

புதுச்சமையல்:
துருவியே வர்ற பீட்சா சீஸ் அக்கா. அடுப்பு எரிஞ்சுது. தண்ணியைக் கொட்டிட்டேன்.

அடுப்படி அக்கா:
மூணும்தான் காரணம். பீட்சா சீஸ் இழுபடத்தான் செய்யும். துருவினதுல ஒட்டாம இருக்கப் பொடி வேற தூவியிருப்பாங்க. பார்மெசான்ங்கிற கெட்டியான இத்தாலிய சீஸைக் கட்டியா வாங்கி, பூ மாதிரி துருவுங்க. மோர்க்குழம்பை நுரை கட்டினதும் இறக்கிடுவோமே, அதே கணக்குதான்: சூடு ஏறினா புரதம் சுருங்கி, கொழுப்பு வெளியே வந்துடும்.

அந்தக் கஞ்சித் தண்ணிதான் இதுக்கு உயிர். அதுல இறங்கின மாவுச்சத்துதான் வெண்ணெயைப் பிரியவிடாமப் பிடிக்கும். குறைவான தண்ணியில வேகவச்சு ஒரு டம்ளர் எடுத்து வைங்க. அடுப்பை அணைச்சுட்டு, வெண்ணெயை உருக்காம சூடான பாஸ்தா மேல துண்டு துண்டா போடுங்க. சீஸை மூணு தடவையா தூவி, கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுப் பிரட்டுங்க. சீஸ்லயே உப்பு இருக்கு, தண்ணியில குறைச்சுப் போடுங்க.

சைவச் சாப்பாடு:
வீட்ல சைவம் யாராவது இருக்காங்களா? இத்தாலியோட அசல் பார்மெசானான பார்மிஜானோ ரெஜியானோவை, கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்கிற ரென்னட்ங்கிற நொதி சேர்த்துப் பாலை உறைய வச்சுத்தான் செய்வாங்க. சைவ ரென்னட்னு அட்டையில போட்டதா வாங்குங்க.

புதுச்சமையல்:
நல்லவேளை சொன்னீங்க, அம்மா சைவம். அப்படிப் போட்டதாவே தேடி வாங்கிட்டேன்.

நேத்து ராத்திரி செஞ்சேன். ரெண்டு மூணு சின்னக் கட்டி தவிர, சாஸ் பாலாடை மாதிரி பாஸ்தாவுல படிஞ்சுது. இன்னும் கொஞ்சம் வைங்கன்னு அவளே தட்டை நீட்டினா! அதுக்குள்ள இறுகிடுச்சு, அது ஒண்ணுதான் குறை.

அடுப்படி அக்கா:
மிச்சக் கஞ்சியைச் சூடா ஒரு கரண்டி விட்டுப் பிரட்டுங்க, இளகிடும். தட்டையும் வெந்நீர்ல அலசித் துடைச்சுட்டு வைங்க.