நெல்லுக்குள்ள நிஃப் ஜீனை வச்சா யூரியா வேண்டாம்லா?

பிசானம்_பாண்டி (அம்பாசமுத்திரம்):
நெல்லறுத்த தரிசுல உளுந்து நிக்கி. ஒரு செடியைப் பிடுங்கி வேர்முடிச்சைக் கீறுனா உள்ள சிவப்பு. காத்துல கெடக்க நைட்ரஜனை அந்த பாக்டீரியாதான் பிடிச்சுக் குடுக்கு. அதுக்கான நிஃப் ஜீன் இருவது தேறுமாம். அதை அப்படியே அம்பை 16 நெல்லுக்குள்ள வச்சா உரக்கடை வாசல்ல காவல் கெடக்க வேண்டாம்லா? 1972-லயே ஒரு பாக்டீரியாவுல இருந்து இன்னொண்ணுக்கு மாத்திக் காட்டிட்டாவ. பொறவு அம்பது வருசமா என்னவே செஞ்சாவ? உரக் கம்பெனிக்காரன் விடமாட்டான்.

பாளை_நுண்ணுயிர்:
அண்ணாச்சி, 1972 சேதியைப் பாதியில நிறுத்திட்டீங்க. டிக்சன், போஸ்ட்கேட்ங்கிற ரெண்டு விஞ்ஞானிங்க கிளெப்சியெல்லாங்கிற பாக்டீரியாவோட நிஃப் ஜீன்களை ஈ.கோலைங்கிற பாக்டீரியாவுக்கு மாத்தினது உண்மை. ஆனா ஆக்சிஜன் இல்லாம வளர்த்தப்பதான் அது நைட்ரஜனைப் பிடிச்சுது. நிஃப் ஜீன்ல இருந்து வர்ற, நைட்ரஜனைப் பிடிக்குற நைட்ரஜனேஸ் நொதி ஆக்சிஜன் பட்டாலே கெட்டுப்போகும்.

சிக்கல் என்னன்னா, ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்கக் குறைஞ்சது 16 ஏடிபி (செல்லோட சக்தி மூலக்கூறு) செலவு. அத்தனை ஏடிபி வேணும்னா பாக்டீரியா மூச்சு விட்டாகணும், அதுக்கு ஆக்சிஜன் வேணும். நீங்க பார்த்த சிவப்பு, செடியில உண்டாகுற லெக்ஹீமோகுளோபின். அது ஆக்சிஜனைப் பிடிச்சு வச்சுக்கிட்டு, தனியாத் திரியுற ஆக்சிஜனை நானோமோலார் அளவுக்கு, அதாவது ரொம்ப ரொம்பக் கொஞ்சமா இறக்கிடும். அந்த அளவுல சாதாரண சுவாச நொதிக்கு வேலை ஓடாது. அதுக்குன்னே சோயா முடிச்சுல வாழுற பிராடிரைசோபியத்துக்கிட்ட ஃபிக்ஸ் என், ஓ, க்யூ, பி-ன்னு அடுத்தடுத்து நாலு ஜீன் இருக்கு. அதுல இருந்து வர்றதுதான் சிபிபி3 ஆக்சிடேஸ்ங்கிற சுவாச நொதி. 7 நானோமோலார்லயே பாதி வேகத்துல ஓடும். அந்த நாலையும் கெடுத்துப் பார்த்திருக்காங்க. நிஃப் ஜீன் முழுசா இருந்தும் முடிச்சுல நைட்ரஜன் சேரலை.

கடையம்_கணக்கு:
பாக்டீரியாவுக்கு சுவாச நொதி ஒண்ணோட நிக்காதே. ஈ.கோலைல சைட்டோகுரோம் பிஓ3, சைட்டோகுரோம் பிடி-ன்னு சுவாச நொதி வகை ரெண்டு இருக்கு. எந்த ஒண்ணை எடுத்தாலும் காத்துல வளருது. அப்ப மத்தது உபரிதானே? உபரியைப் போய் உயிர்நாடிங்கீரு.

பாளை_நுண்ணுயிர்:
ஆய்வகக் குடுவையில ஆக்சிஜனுக்குப் பஞ்சமில்ல சார், அங்க எல்லாமே உபரியாத்தான் தெரியும். ஆக்சிஜன் தாராளமா இருந்தா பிஓ3, குறைஞ்சா பிடி. மாத்திவிடுறது ஆர்க், எஃப்.என்.ஆர்-ங்கிற ஜீன் கட்டுப்பாட்டுப் புரதங்கள். முடிச்சு பாக்டீரியாவுல ஃபிக்ஸ்-எல் புரதம் தன்னோட ஹீம்ல ஆக்சிஜனை மோப்பம் பிடிக்கும். அளவு இறங்கினதும் ஃபிக்ஸ்-ஜே புரதத்தை எழுப்பும், அது வழியா ஃபிக்ஸ்-கே, அப்புறம்தான் அந்த நாலு ஜீனும் முழிக்கும்.

கடையம்_கணக்கு:
சரி, மண்ணுல தனியா வாழுற அசோட்டோபேக்டர் பாக்டீரியா? முடிச்சும் கிடையாது, சிவப்பும் கிடையாது. திறந்த காத்துலயே நைட்ரஜனைப் பிடிக்கு.

பாளை_நுண்ணுயிர்:
பிடிக்கும், ஆனா அதுவும் மூச்சு விடுற ஜீனை வச்சுத்தான். அதோட சைட்டோகுரோம் பிடி நொதி, ஆக்சிஜன் உள்ள நுழையுறதுக்குள்ள சவ்வுலயே எரிச்சுத் தீர்த்திடும். அந்த ஜீனைக் கெடுத்தா காத்துல நைட்ரஜன் பிடிக்க முடியாது. இந்த பிடி நொதி, ஏடிபி உண்டாக்க உதவுற புரோட்டானை பம்ப் பண்ணாது, அதனால எரியுற சர்க்கரைக்கு ஏடிபி கம்மி. நெல்லுக்கும் இதே வழின்னா கதிருக்குப் போற சர்க்கரையை அது தின்னுடும். பதரை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பிசானம்_பாண்டி:
ஏம்மா, எங்க வயக்காட்டுக்கு வந்து பாரு. பிசான நெல் பருவத்துல முழங்கால் சேறு. சேத்துக்குள்ள ஆக்சிஜன் ஏது? வேர்ல மட்டும் நிஃப் ஓடுற மாதிரி வச்சா?

பாளை_நுண்ணுயிர்:
நல்ல கேள்வி அண்ணாச்சி. சேத்துல இல்லதான். ஆனா நெல்லு இலையில இருந்து வேர் வரைக்கும் திசுவுக்குள்ள காத்துவழி இருக்கு, அதுலதான் ஆக்சிஜன் இறங்குது, அதனால வேர்லயும் நைட்ரஜனேஸுக்கு அதே சிக்கல்தான். அதனாலதான் சேத்துல நிக்குற நெல்வேர் அழுகாம இருக்கு.

கம்பெனி சதியும் இல்ல. இந்த ஆராய்ச்சிக்குக் கேட்ஸ் அறக்கட்டளையே பணம் கொடுத்திருக்கு. 2016-ல ஈஸ்ட்டோட மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள (செல்லுக்குச் சக்தி உண்டாக்குற உறுப்பு), காத்துல வளரும்போதே, நைட்ரஜனேஸோட ஒரு பாதியான இரும்புப் புரதத்தை வேலை செய்ய வச்சுட்டாங்க. மைட்டோகாண்ட்ரியா ஏன்? ஆக்சிஜனைக் குடிக்கிற இடம் அதுதான்.

பிசானம்_பாண்டி:
அந்தா! ஒரு பாதி ஓடுச்சுன்னா மறுபாதியும் ஓடும்வே.

கடையம்_கணக்கு:
மறுபாதியிலதான் இரும்பு மாலிப்டினம் கொத்து இருக்கு. அதைக் கோக்கவே நிஃப்ல பாதி ஜீன் வேணும். இந்தப் பிசானத்துக்கு யூரியா டோக்கனைக் கிழிச்சுப் போட்டுராதீரும்.

பிசானம்_பாண்டி:
கடல்பாசி ஒண்ணுல நைட்ரஜன் பிடிக்குற பாக்டீரியா செல் உறுப்பாவே மாறிப்போச்சுன்னு 2024-ல வந்துச்சே, அதுக்கு என்ன சொல்லுதீரு?