அமெரிக்காவில் ஏழைப் பங்குகளா? இரண்டாம் காணிக்கை பற்றி

டாலஸ் செபாஸ்டின்:
ஏப்ரல் கடைசி ஞாயிறு பூசையில் உள்நாட்டு மறைபரப்புப் பணிக்கென்று இரண்டாம் காணிக்கை எடுக்கிறார்கள். ஏழைப் பங்குகளுக்கு உதவும் கத்தோலிக் எக்ஸ்டென்ஷன் அமைப்பின் கடிதமும் சிகாகோவிலிருந்து வந்திருக்கிறது. பங்கு என்றால் ஒரு சாமியார் பொறுப்பில் இருக்கும் கோயிலும் அதன் சனங்களும். இவ்வளவு பணக்கார நாட்டில் ஏழைப் பங்குகளுக்கு நான் ஏன் போட வேண்டும்? சிகாகோ, நியூயார்க் ஆயர்களின் மறைமாவட்டங்களிடம் இல்லாத பணமா? ஊரில் எங்கள் குருசடிக் கோயில் மழைக்கு ஒழுகுகிறது. அங்கே அனுப்புவேன்.

மேரி:
அண்ணா, ஒவ்வொரு மறைமாவட்டத்துக்கும் கஜானா தனி. சிகாகோ பணம் தானாக அலாஸ்காவுக்குப் போய்விடாது. அங்குள்ள ஃபேர்பேங்க்ஸ் மறைமாவட்டத்தில் பெரும்பாலான பங்குகளுக்குச் சாலையே கிடையாது. யூகான் ஆற்றங்கரைக் கிராமங்களுக்கு ஃபாதர் சின்ன விமானத்தில்தான் போயாக வேண்டும். வானிலை கெட்டால் பூசை இல்லை. விமானச் செலவு, கோயிலைச் சூடாக்கும் எண்ணெய் எல்லாம் சில குடும்பங்கள் போடும் உண்டியலில் கட்டுமா?

உங்களுக்குக் கடிதம் போட்ட கத்தோலிக் எக்ஸ்டென்ஷனைத் தொடங்கியவரே ஒரு சிற்றூர்ச் சாமியார்தான். மிச்சிகனில் லபீர் ஊர்ப் பங்குத்தந்தை பிரான்சிஸ் கெல்லி, 1905-இல் ஆரம்பித்தார். 1907-இல் ஒரு ரயில் பெட்டியையே கோயிலாக்கினார்கள். பீடம், பெஞ்சுகள், ஃபாதர் தங்க ஓர் அறை, எல்லாம் அதற்குள்ளேயே. கோயில் இல்லாத ஊர் ஸ்டேஷனில் பெட்டியைக் கழற்றி நிறுத்துவார்கள், சனங்கள் ஏறி வந்து பூசை காண்பார்கள்.

டாலஸ் செபாஸ்டின்:
அந்தக் காலம் சரி, மேரி. அதே ஃபேர்பேங்க்ஸ் 2008-இல் திவால் மனு கொடுத்தது ஏன்? சிறுவர் பாலியல் வன்கொடுமை வழக்குகள். பெரும்பாலும் பழங்குடிக் கிராமத்துப் பிள்ளைகள். யாரும் எட்டிப் பார்க்காத ஊர்கள் என்பதால்தான் அவ்வளவு காலம் மூடி மறைக்க முடிந்தது. அங்கே காசு போடு என்றால் எனக்குக் கை வரவில்லை.

அருள்:
செபாஸ்டின் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அலாஸ்கா மட்டுமே உள்நாட்டு மறைபரப்பு இல்லை. டெக்சாஸ் எல்லையில் கூலிக்குப் போகிற குடும்பங்களின் பங்குகளும் இதில் வரும். அமெரிக்கக் கிராமங்களில் நம் ஊர் சாமியார்களே பலர் இருக்கிறார்கள். ஒருவர் தலையில் இரண்டு மூன்று கோயில். ஊர் குருசடி, இந்தப் பங்குகள், இரண்டுக்கும் கொடுத்தால் என்ன?

மேரி:
அண்ணா, கணக்குக் கேளுங்கள், கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால் அந்தக் கிராமத்துச் சனங்கள் பலர் இன்னமும் செபத்துக்கு அதே கோயிலுக்குத்தான் வருகிறார்கள். குற்றம் செய்தவர்களுக்காக அவர்களைப் பட்டினி போடுவதா?

டாலஸ் செபாஸ்டின்:
அவர்கள் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. அந்தப் பிள்ளைகளின் பாதுகாப்பை இன்று யார் பார்க்கிறார்கள் என்று ஆயர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கிறேன். பதில் வரட்டும். அதுவரை காணிக்கை உறை மேசையிலேயே இருக்கும்.