வண்டித்தடத்தில் கேட் போட்டுப் பூட்டிவிட்டார்: எந்த வழக்குப் போடுவது?

கடைசிக்காடு:
ரோட்டிலிருந்து மூன்றாவது காடு எங்களுடையது. முதல் காட்டின் கிழக்கு வரப்பை ஒட்டி வண்டித்தடம் ஒன்று உண்டு. தாத்தா காலத்தில் மாட்டுவண்டி, அப்பா காலத்தில் டிராக்டர், இப்போது தேங்காய் ஏற்ற மினி லாரி. இதுவரை யாரும் யாரையும் கேட்டுப் போனதில்லை.

போன வருஷம் முதல் காடு கைமாறியது. வாங்கியவர் கல்லுக்கால் நட்டு, கம்பி இழுத்து, தடத்தின் வாயில் இரும்பு கேட் போட்டுப் பூட்டிவிட்டார். ஓர் ஆள் நுழைய மட்டும் சந்து விட்டிருக்கிறார். கேட்டால், "நடந்து போங்க, நான் தடுக்கலையே" என்கிறார். போன வாரம் கிணற்று மோட்டார் காயில் எரிந்துவிட்டது. மூங்கிலில் கட்டி இரண்டு பேர் தூக்கி வந்து, அந்தச் சந்தில் பக்கவாட்டாகத் திருகித் திருகி வெளியே எடுப்பதற்குள் என் முழங்கை கம்பியில் கிழிந்ததுதான் மிச்சம்.

விஏஓ புலப்படத்தைக் காட்டி, "இதில் பாதையே இல்லை" என்கிறார். வக்கீல், தடம் எங்களுக்கே சொந்தம் என்று கோர்ட் அறிவிக்கும் விளம்புகை கேட்டு, கூடவே மறிக்கக் கூடாது என்ற உறுத்துக்கட்டளையும் கேட்கலாம் என்கிறார். இது சரியா? வடக்கே வாய்க்கால் கரை இருக்கிறது. அதில் நடக்கலாம், வண்டி போகாது. அதைக் காட்டி மாற்று வழி இருக்கிறது என்று சொல்லிவிடுவார்களோ?

பழைய சங்கிலி:
சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். பொதுப்பாதை என்றால் அதற்குத் தனி சர்வே எண் இருக்கும், 'அ' பதிவேட்டில் புறம்போக்கு என்று வரும். அதை அடைத்தால் 1905ஆம் வருஷ ஆக்கிரமிப்புச் சட்டப்படி தாசில்தாரே எடுக்க வைக்கலாம். உங்களுடையது பட்டா நிலத்துக்குள் போகிற தடம். அது படத்தில் இல்லை என்பதால் உங்கள் உரிமை இல்லாமல் போகாது. படம் எல்லையைக் காட்டுவதற்கு, பாத்தியத்தைச் சொல்வது பத்திரம். மூன்று காடும் முன்னொரு காலத்தில் ஒரே கையில் இருந்ததா என்று முதலில் பாருங்கள்.

பதினோரு வருஷ வாய்தா:
தம்பி, அந்த வக்கீல் சொன்ன மாதிரி மட்டும் செய்யாதீர்கள். அப்படிச் செய்துதான் நான் தோற்றேன்.

நானும் பாதை எனக்கே சொந்தம் என்றுதான் பிராது போட்டேன். பட்டா எதிர்க்கட்சி பெயரில் இருந்தது. பதினோரு வருஷம் வாய்தா வாய்தாவாக அலைந்தேன். கடைசியில் மேல்முறையீட்டில் என் வக்கீல் எழுந்து, "சொந்தம் இல்லாவிட்டால் போகட்டும், வழிநடை உரிமையாவது கொடுங்கள்" என்றார். நீதிபதி வழக்குக் கட்டைப் புரட்டிவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "அது பிராதில் எங்கே இருக்கிறது?" எங்கேயும் இல்லை. உச்ச நீதிமன்றமும் 2008இல் இதையே சொல்லியிருக்கிறது. சொந்தம் என்று வழக்குப் போட்டவருக்கு, அவர் கேட்காத வழியுரிமையைக் கோர்ட் தானாக எடுத்துக் கொடுக்க முடியாது.

உங்களுக்கு வேண்டியது அடுத்தவர் மண்ணில் போய்வரும் உரிமை. அதற்கு 1882ஆம் வருஷ வசதியுரிமைச் சட்டம் இருக்கிறது. 15ஆம் பிரிவுப்படி 20 வருஷம் வெளிப்படையாக, சண்டையில்லாமல், இடைவிடாமல், உரிமையோடு போய்வந்திருக்க வேண்டும். அரசு நிலமாக இருந்தால் 30. இதில் பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. அந்த 20 வருஷம், வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் வந்து முடிய வேண்டும். கேட் போட்ட பிறகு பஞ்சாயத்து, சமாதானம் என்று மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தால் போச்சு.

இன்னொன்று. "தயவுசெய்து வழி விடுங்கள்" என்று அவருக்கு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அனுமதி வாங்கிப் போனவருக்கு உரிமை கிடையாது, அது வெறும் உரிமம், நினைத்தால் ரத்து செய்துவிடுவார். கோபத்தில் பூட்டை உடைக்கவும் வேண்டாம். அதை உடைத்த என் மைத்துனன் தனியாக ஒரு கிரிமினல் கேஸுக்கு நடந்தான்.

கரைமேல்:
ஆர்டிஓவிடம் மனுக் கொடுக்கும் வழியும் இருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 147ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 166. ஊரில் அடிதடி வரும் நிலை இருந்தால், பாதையை மறிக்கக் கூடாது என்று அவர் உத்தரவு போடலாம். ஆனால் அவருக்குத் தகவல் போவதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் அந்தத் தடத்தில் போய்வந்திருக்க வேண்டும். உரிமை யாருக்கு என்று கடைசியாகத் தீர்ப்பது சிவில் கோர்ட்தான்.

கடைசிக்காடு:
எல்லோருக்கும் நன்றி. சங்கிலி ஐயா சொன்னபடி அம்மாவின் பெட்டியைக் கிளறினேன். 1971ஆம் வருஷப் பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தது. மூன்று காடும் தாத்தாவும் அவர் கூடப்பிறந்தவர்களும் பிரித்துக்கொண்டவைதான்! எங்கள் ஷெட்யூலின் கடைசி வரி இது: "கிழபுறம் வேப்பமரம் முதல் 10 அடி அகலத் தடத்தில் வண்டி வாகனம் ஆள் மாடு போக வரவுள்ள மாமூல் பாத்தியமும் சேர்ந்தது." முதல் காட்டு ஷெட்யூலிலும் அதே தடத்தைச் சொல்லியிருக்கிறது.

பதினோரு வருஷ வாய்தா:
அட, இது என்னிடம் இருந்திருந்தால்! இனி வாய்க்கால் கரையைப் பற்றிக் கவலை வேண்டாம். அவசியத்தால் வந்த உரிமை மட்டும்தான் வேறு வழி கிடைத்ததும் போய்விடும், அது 41ஆம் பிரிவு. பத்திரத்தில் எழுதிக் கொடுத்தது அப்படிப் போகாது. நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் 2006இல் அப்படித் தீர்த்திருக்கிறது. காட்டை வாங்கியவர் அந்தச் சுமையோடுதான் வாங்கியிருக்கிறார். பிராதில் பத்திர உரிமையை முதலில் வையுங்கள், 20 வருஷ அனுபவத்தை மாற்று வாதமாக வையுங்கள். கேட்டை எடுக்கச் சொல்லிச் செயலுறுத்துக்கட்டளையும் தனியாகக் கேளுங்கள். மறிக்கக் கூடாது என்று தடை கேட்பது வேறு, மறித்ததை எடுக்கச் சொல்வது வேறு.

பழைய சங்கிலி:
வேப்பமரம் இப்போது இருக்கிறதா?

கடைசிக்காடு:
வேலி போடும்போது வெட்டிவிட்டார். அடிக்கட்டை மட்டும் கேட்டுக்கு உள்ளே இரண்டு முழத்தில் நிற்கிறது.

பழைய சங்கிலி:
சந்து வழியாகப் போய் இன்றைக்கே அதைப் படம் எடுத்துவிடுங்கள், கேட்டும் கட்டையும் ஒரே படத்தில் வரட்டும். வழக்கோடு சேர்த்து, இடத்தை நேரில் பார்த்து வர கோர்ட் அனுப்பும் வக்கீல் கமிஷனருக்கும் மனுப் போடுங்கள். சர்வேயரோடு வந்து அந்தக் கட்டையிலிருந்து 10 அடி அளக்கச் சொல்லுங்கள். ஜேசிபி வருவதற்குள்.