உதவி தேவை: ஒரு பக்கக் கொம்பு கோணிய வெள்ளைவால் மான். வயது என்ன, இறைச்சியைச் சாப்பிடலாமா?

கேட்பவர் (விஸ்கான்சின்)

வணக்கம். மேடிசனுக்கு மேற்கே ஒரு பண்ணை நிலத்தில், உரிமையாளரின் அனுமதியோடு வேட்டையாடுகிறேன். இந்த நவம்பர் துப்பாக்கிப் பருவத்தில் ஓர் ஆண் மான் கிடைத்தது. சென்ற ஆண்டும் இதே மான் கேமராவில் பதிவாகியிருந்தது. இடது காதில் இருக்கும் கிழிசலை வைத்து அதே மான்தான் என்று சொல்கிறேன்.

சென்ற ஆண்டு பக்கத்துக்கு நான்காக எட்டுக் கிளைகள் இருந்தன. இந்த ஆண்டு வலப்பக்கம் சரியாக இருக்கிறது. இடப்பக்கம் மட்டும் கைவிரல் நீளத்துக்குக் கீழ்நோக்கி வளைந்த ஒற்றைக் கொம்பு. விலா எலும்பு தெரியும் அளவுக்கு மெலிந்தும் இருந்தது. தலையை வெட்டி எடுத்தபோது தொண்டைக்குள் வெளிர்மஞ்சள் நிறத்தில் தடித்த புழுக்கள் நெளிந்தன. அதைப் பார்த்ததிலிருந்து இறைச்சியைத் தொட மனம் வரவில்லை.

பக்கத்து நிலத்துக்காரர், கிழட்டு மான் என்கிறார். இன்னொருவர், கெட்ட பரம்பரை, இப்படிப்பட்டதைக் கழித்துவிடுவதே நல்லது என்கிறார். எது சரி?

பதில் (ஒஹாயோ)

எனக்கும் பரம்பரைக் கோளாறு என்றே தோன்றுகிறது. எங்கள் பக்கம் ஒற்றைக் கொம்பன்களைப் பார்த்தால் விடுவதில்லை. வளரவிட்டால் அந்த இரத்தம்தான் பெருகும்.

பதில் (மிச்சிகன், கால்நடை மருத்துவர்)

ஒஹாயோ நண்பரோடு நான் உடன்படவில்லை. சென்ற ஆண்டு இரு பக்கமும் ஒழுங்காக முளைத்த மானுக்கு இந்த ஆண்டு திடீரென்று பரம்பரை மாறிவிடாது. இடையில் அதன் உடம்புக்கு ஏதோ நடந்திருக்கிறது. அதைத்தான் தேட வேண்டும்.

மானின் கொம்பு மாட்டுக் கொம்பைப் போன்றதன்று. அது முழு எலும்பு. குளிர்காலத்தில் உதிர்ந்து, வசந்தத்தில் புதிதாக முளைக்கிறது. கோடை முழுவதும் இரத்தக் குழாய்கள் ஓடும் மென்தோல் போர்த்தியே வளர்கிறது. பகல் குறையத் தொடங்கும்போது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறும், கொம்பு இறுகும், ஆகஸ்ட் இறுதி, செப்டம்பர் வாக்கில் அந்தத் தோலை மரத்தில் தேய்த்து உரித்துவிடும். கோடையில் கொம்பு வளரும் வேகத்துக்குத் தீவனத்தில் கிடைக்கும் சுண்ணாம்புச் சத்து போதாது. மான் தன் விலா எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறது. அந்த மாதங்களில் உடம்பில் பெரிய காயம் பட்டால் கொம்பிலும் அது தெரியும்.

மூன்று இடங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். கொம்பு முளைக்கும் மண்டையோட்டு மேட்டில் சீழோ, அரித்த குழியோ, துர்நாற்றமோ உண்டா? மென்தோல் உரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, விதைப்பையில் விதைகள் சுருங்கியிருந்தனவா? கால்களில் பழைய முறிவு உண்டா, குறிப்பாக வலது பின்னங்காலில்?

சீழ் இருந்தால் மூளைச் சீழ்க்கட்டியாக இருக்கலாம். முதிர்ந்த ஆண் மான்கள் ஒன்றோடொன்று மோதும்போது கொம்படித் தோல் கிழிந்து பாக்டீரியா உள்ளே போய்விடும். அப்படிப்பட்ட மானின் இறைச்சியைச் சாப்பிட வேண்டாம்.

புழுக்களைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு வகை ஈயின் முட்டைப்புழுக்கள் அவை. மூக்கு வழியாகப் போய்த் தொண்டையின் பின்பை வரை வளரும். பார்க்க அருவருப்பாக இருக்கும், ஆனால் இறைச்சிக்கு எந்தக் கேடும் இல்லை.

கேட்பவர்

மிக்க நன்றி டாக்டர். கொம்படி உலர்ந்து சுத்தமாக இருக்கிறது. சீழ் இல்லை, நாற்றமும் இல்லை. மென்தோல் முழுவதும் உரிந்துவிட்டது, விதைகளும் சாதாரணமாகவே இருந்தன. ஆனால் வலது பின்னங்காலைத் தடவிப் பார்த்தபோது, முழங்காலுக்குக் கீழே எலும்பு முண்டுபோல் புடைத்துக் கெட்டியாக இருந்தது. தோலில் காயம் ஏதும் இல்லை. எலும்பு முறிந்து தானாகக் கூடிய மாதிரி தெரிகிறது.

பதில் (மிச்சிகன், கால்நடை மருத்துவர்)

அப்படியானால் அதுதான் காரணம். பின்னங்கால் முறிந்தால் எதிர்ப்பக்கக் கொம்பு கெடுவது வெள்ளைவால் மான்களில் நன்கு அறியப்பட்டது. வலது கால் அடிபட்டது, இடது கொம்பு கோணியது. பரம்பரைக்கும் இதற்கும் தொடர்பில்லை. காயத்தால் கோணிய கொம்பு குட்டிகளுக்குப் போகாது. இந்தக் காரணத்துக்காக மான்களைக் கழிப்பது வீண் வேலை என்பது என் உறுதியான கருத்து.

பதில் (சென்னை)

வேட்டை பற்றி எனக்குத் தெரியாது. புள்ளிமானும் கொம்பை உதிர்க்கும் என்று படித்திருக்கிறேன். இந்த மான் உயிரோடு இருந்திருந்தால் அடுத்த ஆண்டு சரியாக முளைத்திருக்குமா?

பதில் (மிச்சிகன், கால்நடை மருத்துவர்)

கால் காயம் ஆறிவிட்டால் பல மான்களுக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் சீராகும். சிலவற்றுக்குக் கோணல் நீடிப்பதும் உண்டு. அடிபட்டது மண்டையோட்டு மேடாக இருந்தால் ஆண்டுதோறும் கோணலாகவே முளைக்க வாய்ப்பு அதிகம்.

பதில் (டெக்சாஸ்)

வயதைப் பற்றி நான் சொல்கிறேன். கிளைகளை எண்ணி வயது சொல்லவே கூடாது. நல்ல தீவனம் கிடைத்தால் ஒன்றரை வயதிலேயே எட்டுக் கிளை வரும். தாமதமாகப் பிறந்த குட்டிக்கு அதே வயதில் இரண்டு குச்சிதான் இருக்கும்.

கீழ்த்தாடையைப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு ஆறு கடைவாய்ப் பற்கள். முன்னிருந்து மூன்றாவது பல்லில் மூன்று முகடு இருந்தால் அது பால்பல், மானுக்கு ஒன்றரை வயதுக்கு மேல் இராது. இரண்டு முகடு இருந்தால் நிலைப்பல் வந்துவிட்டது. அதன் பிறகு தேய்மானம்தான் கணக்கு. நாக்குப் பக்கத்து முகடுகளில் பல்லின் மேற்பூச்சான வெள்ளை எனாமலுக்கு நடுவே, உட்பகுதியான பழுப்பு நிற டென்டின் தெரியும். நான்காவது பல்லில் டென்டின் எனாமலைவிட அகலம் என்றால் மூன்றரை. ஐந்தாவதிலும் அப்படி என்றால் நான்கரை. ஆறாவதிலும் என்றால் ஐந்தரை அல்லது அதற்கு மேல்.

இந்த முறை 1949-இல் செவரிங்ஹாஸ் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. மணல் மண்ணில் மேயும் மானுக்குப் பல் சீக்கிரம் தேயும், ஆகவே மூன்று வயதுக்கு மேல் இது மதிப்பீடு மட்டுமே.

கேட்பவர்

டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்றாவது பல்லில் இரண்டு முகடு. நான்காவது பல்லில் பழுப்புப் பட்டை அகலமாக இருக்கிறது. ஐந்தாவதில் வெள்ளைதான் அகலம். அப்படியானால் மூன்றரை. கிழட்டு மான் இல்லை! ஆனால் மெலிந்திருந்ததே, அது மான்களை மெலியவைத்துக் கொல்லும் நலிவு நோயா?

பதில் (மிச்சிகன், கால்நடை மருத்துவர்)

நவம்பர் இறுதியில் ஆண் மான் மெலிந்திருப்பது இயல்பு. இணைசேரும் பருவத்தில் மேய்ச்சலை மறந்து அலைந்து, உடல் எடையில் நான்கில் ஒரு பங்கு வரை இழந்துவிடும். ஆகவே மெலிவு நோய்க்குச் சான்றாகாது. அதேபோல் கொழுகொழுவென்று இருப்பது நோய் இல்லை என்பதற்கும் சான்றாகாது. தயவுசெய்து இதை மனத்தில் வையுங்கள். சி.டபிள்யூ.டி. எனப்படும் நலிவு நோய் தொற்றிய மான் ஓராண்டுக்கு மேலும் எந்த அறிகுறியும் இல்லாமல் திரியும். காரணம் பிரியான் என்ற புரதம், சமைத்தாலும் அழியாது.

உங்கள் பகுதியில்தான் 2002-இல் விஸ்கான்சினின் முதல் பாதிப்பு கண்டறியப்பட்டது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதிசெய்யப்படவில்லை. இருந்தும் தொற்று உறுதியான மானைச் சாப்பிட வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் அறிவுரை. கொம்பை அறுத்து வைத்துக்கொண்டு, நாலைந்து அங்குலக் கழுத்தோடு தலையை மாநில இயற்கை வளத்துறையின் சேகரிப்புப் பெட்டியில் போடுங்கள். பரிசோதனை இலவசம். தொண்டையின் பின்னால் உள்ள நிணநீர்க் கணுக்களைத்தான் சோதிப்பார்கள். முடிவு வரும்வரை இறைச்சியைத் தனியாகப் பொட்டலம் கட்டி, மானின் குறிச்சீட்டு எண்ணை எழுதி ஃப்ரீசரில் வையுங்கள்.

பதில் (டெக்சாஸ்)

வயது துல்லியமாக வேண்டுமென்றால், தலையை ஒப்படைக்கும் முன் கீழ்த்தாடையின் நடு முன்பற்கள் இரண்டையும் வேர் உடையாமல் எடுத்துவிடுங்கள். ஆய்வகத்தில் வேரை மெல்லியதாகச் சீவி, ஆண்டுக்கு ஒன்றாகப் படியும் வளையங்களை எண்ணுவார்கள். தாடையைக் கொதிக்கவைக்க வேண்டாம், பற்களைப் பிளாஸ்டிக் பையிலும் போட வேண்டாம். காகித உறை போதும்.

கேட்பவர்

முடிவு வந்துவிட்டது: நோய் கண்டறியப்படவில்லை. பற்களை உறையில் போட்டு அனுப்பியிருக்கிறேன். பக்கத்து நிலத்துக்காரரிடம் அந்தக் கால் எலும்பைக் காட்டினேன். அவரும் கையில் வாங்கி வெகுநேரம் தடவிப் பார்த்தார். ஆய்வகம் சொல்லும் வயதை இங்கேயே எழுதுகிறேன்.