ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரில் எந்தச் செடி பிழைக்கிறது? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் சொல்லுங்கள்

நல்லம்பள்ளி மாடித்தோட்டம்

எங்கள் வீட்டு ஆர்.ஓ. மிஷினின் கழிவுக் குழாயைச் சாக்கடையில் விடாமல் ஒரு டிரம்மில் பிடித்து மாடிச் செடிகளுக்கு ஊற்றி வருகிறோம். ஒரு குடம் குடிதண்ணீர் கிடைக்க ஏறக்குறைய மூன்று குடம் வெளியே போகிறது. சித்திரை, வைகாசியில் போர் காற்று வாங்குகிற ஊரில் இதைப் பார்த்துக்கொண்டு யாரால் சும்மா இருக்க முடியும்?

பலன் செடிக்குச் செடி மாறுகிறது. தரையில் நிற்கும் முருங்கைக்கு ஒரு குறையும் இல்லை. பருப்புக்கீரை யாரும் விதைக்காமலே முளைத்துத் தொட்டியை மூடிவிட்டது. பாலக் பரவாயில்லை. புதினா முதல் அறுப்போடு கறுத்துப் போனது. அவரைக் கொடி பூக்கிறது, பிஞ்சு நிற்பதில்லை. எனக்குப் பிடிபடாதது ஸ்பைடர் செடிதான். இலை நுனி மட்டும் விரற்கடை நீளத்துக்குப் பழுப்பாகிக் காய்கிறது, அதற்கு மேல் பச்சை பச்சையாகவே இருக்கிறது. பழுத்த நுனியைக் கத்தரித்து விட்டால் புது நுனி மறுபடி காய்கிறது. பக்கத்தில் இருக்கும் டிரசினாவும் அப்படியே. இலையைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தாயிற்று, பேன் இல்லை, சிலந்தி இல்லை. செடிநோய் சொல்லும் ஆப் ஒன்றில் படம் போட்டேன். முதலில் ‘தண்ணீர் போதவில்லை’ என்றது. அதே செடியை வேறு பக்கமிருந்து எடுத்துப் போட்டால் ‘தண்ணீர் அதிகம்’ என்றது. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

பென்னாகரம் டீச்சர்

தம்பி, ஆப்பை மூடி வையுங்கள். உங்கள் ஸ்பைடர் செடி சொல்வது தண்ணீரின் அளவை அல்ல, தண்ணீரில் இருப்பதை. ஃபுளோரைடு தாங்காத அலங்காரச் செடிகளில் ஸ்பைடர் செடி, டிரசினா இரண்டும் முதல் வரிசை. வேர் உறிஞ்சிய ஃபுளோரைடு இலை வழியாக நீர் ஆவியாகும்போது நுனியில் தங்கிவிடும். அது திரும்பி இறங்குவதில்லை, அங்கேயே சேர்ந்து நுனியைச் சுடுகிறது.

நம் பக்கத்துப் பாறை அப்படி. கருங்கல்லிலும் அதன் கனிமங்களிலும் இருக்கும் ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதைத் தாண்டிய கிணறுகளும் போர்களும் இரண்டு மாவட்டத்திலும் உண்டு. ஜப்பான் நிதியுதவியோடு ஓகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013இல் தண்ணீர் விட்டார்களே, அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடுவது) பாதிப்புக் குறைப்பும் சேர்ந்திருக்கிறது. எங்கள் பள்ளியின் பழைய குரூப் போட்டோவை எடுத்துப் பார்த்தால், சிரித்திருக்கிற பிள்ளைகள் பல்லில் காவிக் கோடு தெரியும். ஈறுக்குள் பல் உருவாகும் வயதில், அதாவது ஏறக்குறைய எட்டு வயதுக்குள், குடித்த தண்ணீரின் அடையாளம் அது. எந்தப் பற்பசையாலும் போகாது.

ஆர்.ஓ. விற்க வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு நாள் எங்கள் ஸ்டாஃப் ரூமுக்கு ஒருவர் பெட்டியோடு வந்தார். இரண்டு டம்ளர்: ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவர் மிஷின் தண்ணீர். கம்பிகள் நீட்டியிருந்த ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி பிளக்கை மாட்டினார். ஒரு நிமிடத்துக்குள் எங்கள் டம்ளர் பழுப்பாகி, கசடு திரண்டு, சாக்கடைபோல் ஆகிவிட்டது. அவருடையது தெளிவாக நின்றது. ‘இதைத்தான் மேடம் குடிக்கிறீங்க’ என்றார். எங்கள் கெமிஸ்ட்ரி சார் எழுந்து போய், அவருடைய தெளிந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் கலக்கி, ‘இப்ப விடுங்க’ என்றார். அதுவும் பழுப்பாயிற்று. கரைந்தது கருவியின் இரும்புக் கம்பி, தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல. உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், இரும்பு கரையும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு இல்லாததால் பாயவில்லை. அந்த மனிதர் டீகூடக் குடிக்காமல் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இதனால் ஆர்.ஓ.வே மோசடி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபுளோரைடின் பெரும்பகுதியை அது பிரித்துவிடும். கொதிக்க வைப்பதால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடத்தான் செய்யும். நான் சொல்வது, எந்தத் தண்ணீருக்கு மிஷின் வேண்டும் என்பதை விற்க வருகிறவரின் டம்ளரை வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதுதான். கையடக்க டி.டி.எஸ். மீட்டரை வைத்தும் கூடாது. அது தண்ணீரில் எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்று பார்த்து மொத்த உப்பைக் கணக்கிடுகிறது. 600 காட்டும் தண்ணீரில் ஃபுளோரைடு அரை மில்லிகிராமா, 3 மில்லிகிராமா என்று அதற்குத் தெரியாது. டி.டி.எஸ். 500க்குக் கீழே உள்ள தண்ணீருக்கு ஆர்.ஓ. வேண்டாம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் சொன்னது. பொதுவாகச் சரியான பேச்சு. ஆனால் நம் ஊரில் ஃபுளோரைடைத் தனியாகப் பார்க்காமல் அந்த எண்ணை மட்டும் நம்ப முடியாது.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு

டீச்சரம்மா சொன்னது சரி. ஆனால் எல்லாவற்றையும் ஃபுளோரைடு தலையில் கட்ட முடியாது. புதினாவும் அவரையும் உப்புக்கே சுருளும். மாங்கன்றும் அப்படித்தான், உப்பு கூடினால் இலை ஓரம் தீய்ந்து வரும்.

கழிவுத் தண்ணீர் என்றால் விஷம் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. நாலு குடம் உள்ளே போய் ஒரு குடம் நல்ல தண்ணீர் வந்தால், நாலு குடத்து உப்பு மூன்று குடத்தில் நிற்கிறது. போர் தண்ணீரின் டி.டி.எஸ். 900 என்றால் கழிவு 1200 பக்கம். அவ்வளவுதான் வித்தியாசம். தண்ணீர் சிக்கனம் என்று சொல்லி விற்கும் மிஷினில் பாதிக்குப் பாதி வரும், அப்போது கழிவு 1800 ஆகிவிடும். செடிக்கு விடுகிறவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

உண்மையான சிக்கல் தொட்டியில் இருக்கிறது. தரையில் ஊற்றினால் மழை வந்து உப்பைக் கீழே இறக்கிவிடும். தம்பியின் முருங்கை பிழைத்தது அதனால்தான். தொட்டியில் தினம் ஒரு சொம்பு ஊற்றுகிறோம், தண்ணீர் ஆவியாகிறது, உப்பு தங்குகிறது. தொட்டி விளிம்பில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படலம் தெரிந்தால் கணக்கு முடிந்தது. வாரத்தில் ஒரு நாள் மழைத் தண்ணீரோ ஓகேனக்கல் தண்ணீரோ எடுத்து, அடித்துளை வழியே நன்றாக ஓடும்வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள், திரும்ப உறிஞ்ச விடாதீர்கள்.

என் தோப்பிலும் இந்த உப்பு வேலை காட்டியது. சொட்டுநீர் போட்டு, மோட்டாருக்கு சிம் கார்டு வைத்த மொபைல் ஸ்டார்ட்டரும் மாட்டியிருக்கிறேன். கிருஷ்ணகிரியில் கல்யாண வீட்டில் உட்கார்ந்துகொண்டே மோட்டாரை ஓட விடலாம், மும்முனை மின்சாரம் வந்தால் போனுக்குத் தகவல் வரும். வசதிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் புது அல்போன்சா வரிசையில் கடைசிக் கன்றுகள் மட்டும் வாடின. போனைக் கேட்டால் மோட்டார் ஓடியது என்றுதான் சொல்கிறது. டியூபின் கடைசி மூடியைக் கழற்றி விட்டேன். முதலில் பால் மாதிரி, அப்புறம் மணல் மணலாக வெள்ளைப் பொடி வந்தது. டிரிப்பர் துளைகளில் சுண்ணாம்பு அடைத்திருந்தது. ஸ்டார்ட்டருக்கு மோட்டார் தெரியும், துளி தெரியாது. வரிசையோரம் நடந்து போனால்தான் கன்றின் அடியில் ஈரம் இருக்கிறதா என்று தெரிகிறது. இப்போது மோட்டாரை ஓட விட்டு மூடியைத் திறந்து அலசுவது வழக்கமாகிவிட்டது.

ஓசூர் மூணாவது மாடி

செடியை விடுங்கள் அண்ணா, அந்தக் கீரையைச் சாப்பிடலாமா? அதில் ஃபுளோரைடு ஏறியிருக்காதா?

பென்னாகரம் டீச்சர்

கீரையில் கொஞ்சம் ஏறும், காயில் அதைவிடக் குறைவு. மண்ணிலிருந்து ஃபுளோரைடை வாரி இலையில் சேர்க்கும் செடி என்றால் தேயிலைதான். அதனால் ஃபுளோரைடு தண்ணீரில் நாள் முழுக்க டீ போட்டுக் குடிப்பது இரட்டை வரவு.

உங்கள் கேள்வியை நான் கொஞ்சம் திருப்புகிறேன். குடிக்க ஆர்.ஓ. கேன், சமைக்க போர் குழாய்: எத்தனை வீட்டில் இது நடக்கிறது என்று பாருங்கள். எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடு இப்படித்தான். களி கிண்டும்போது கவனியுங்கள். பானை நிறையத் தண்ணீர், நொய் வேகும்வரை கொதி, அப்புறம் மாவைக் கொட்டி மூடி வைத்து, களிக்கட்டையால் கிண்டி உருட்டுகிறோம். வடிப்பது என்ற பேச்சே இல்லை. ஊற்றிய தண்ணீரில் ஆவியானது போக மிச்சம் முழுக்க உருண்டைக்குள் இருக்கிறது, ஃபுளோரைடோ கொஞ்சமும் போகாமல் அப்படியே இருக்கிறது. வடிக்காத குக்கர் சோறும் அப்படித்தான். ஒரு டம்ளர் குடிதண்ணீரைப் பார்த்துப் பார்த்துப் பிடித்துவிட்டு, குழம்புக்கும் களிக்கும் போரைத் திறப்பதில் பாதிப் பயன் போய்விடுகிறது. மிஷின் வைத்திருப்பவர்கள் பாத்திரம் கழுவ, துணி துவைக்கக் கழிவுத் தண்ணீரை எடுங்கள், உலைக்கு நல்ல தண்ணீர் வையுங்கள்.

களியை நிறுத்தச் சொல்லவில்லை. 100 கிராம் கேழ்வரகில் 344 மில்லிகிராம் கால்சியம் என்று நம் உணவு அட்டவணைகள் சொல்லும். அரிசியில் இருப்பது அதில் ஒரு சிறு பங்குதான். ஃபுளோரைடு உள்ள ஊரில் கால்சியமும் வைட்டமின் சியும் கூடுதலாக வேண்டும் என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ராகிக்கும் நெல்லிக்காய்க்கும் நாம் எங்கும் போய் அலைய வேண்டியதில்லை. தருமபுரியில் 2023இலிருந்து ரேஷனிலேயே அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தருகிறார்கள். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த ஊர்க்காரர்கள், மாத்திரைக் கடையில் வைட்டமின் சி வாங்கி நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

ஓசூர் மூணாவது மாடி

ராகி என்றதும் எங்கள் அப்பா கதை. அவருக்குச் சர்க்கரை. ‘ராகிதானே, ஏறாது’ என்று காலையில் பெரிய சொம்பில் கஞ்சி. இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டர் 240 காட்டியது. அதே மாவில் மதியம் களி, பாதி உருண்டை, அவரைக்கொட்டைக் குழம்பு, கீரைக் கடைசல் என்று சாப்பிட்ட நாளில் 180ஐத் தாண்டவில்லை. நைசாக அரைத்த மாவைக் கஞ்சியாகக் குடித்தால் சீக்கிரம் செரித்துச் சீக்கிரம் ஏறுகிறது. பருப்பும் கீரையும் சேர்ந்தால் ஏற்றம் நிதானப்படுகிறது. அளவும் குறைந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

அந்த மீட்டரும் ஒருமுறை எங்களைக் கிடுகிடுக்க வைத்தது. மாம்பழ சீசன். செந்தூரா கூடை கூடையாக வந்திருந்தது. அப்பா ஒரு துண்டுகூட வாயில் வைக்காமல் பேரப் பிள்ளைகளுக்கு அரிந்து கொடுத்துக்கொண்டிருந்தார். கையைத் துண்டில் துடைத்துவிட்டு விரலைக் குத்தினார். 340. அம்மா அழ ஆரம்பித்துவிட்டார், நான் கார் சாவியைத் தேடினேன். நல்லவேளையாக மக்களைத் தேடி மருத்துவத்தில் வரும் அக்கா அன்றைக்குத் தெருவில் இருந்தார். உள்ளே வந்து அப்பாவின் கையைப் பார்த்தார், முகர்ந்தார். ‘சோப்புப் போட்டுக் கழுவிட்டு ஈரம் போகத் துடைச்சிட்டு வாங்க சித்தப்பா’ என்றார். வேறு விரலில் குத்தினால் 162. விரலில் ஒட்டியிருந்த மாம்பழச் சாற்றின் சர்க்கரையைத்தான் மீட்டர் படித்திருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் அந்தத் திட்டத்தைத் தொடங்கியதே நம் சூளகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில்தான். எங்களுக்கு அந்த ஒரு நாளே போதும்.

நல்லம்பள்ளி மாடித்தோட்டம்

ஸ்பைடர் செடியையும் டிரசினாவையும் மழைத் தண்ணீர் டிரம்முக்கு மாற்றிவிட்டேன். புதினாவுக்கு ஓகேனக்கல் தண்ணீர். பாலக், பருப்புக்கீரை, முருங்கை எல்லாம் கழிவுக்கே இருக்கட்டும். டீச்சர், எங்கள் போர் தண்ணீரை டெஸ்ட் செய்ய வேண்டும். எங்கே, எப்படிக் கொண்டுபோவது?

பென்னாகரம் டீச்சர்

குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்தில் ஆய்வகம் இருக்கிறது, கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். அவசரத்துக்கு உங்கள் ஊராட்சியில் நீர்ப் பரிசோதனைப் பெட்டி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். அதில் ஒரு மருந்து விடுவார்கள். ஃபுளோரைடு கூடக் கூட இளஞ்சிவப்பு மாறி மஞ்சளாகும். தோராயம்தான், ஆனால் பயமா இல்லையா என்று தெரிந்துவிடும்.

மோட்டாரைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஓட விட்டு, மாடித் தொட்டியில் தேங்கியதை விட்டு நேரே போரிலிருந்து பிடியுங்கள். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், அதே தண்ணீரால் அலசிவிட்டு நிரப்புங்கள். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். மிஷினில் வரும் நல்ல தண்ணீரையும் இன்னொரு பாட்டிலில் பிடித்துச் சேர்த்துக் கொடுங்கள். மெம்பிரேன் (மிஷினுக்குள் உப்பைப் பிரிக்கும் சவ்வு) இன்னும் வேலை செய்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். இரண்டு பாட்டிலிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள், மாறிப் போனால் தலைகீழாக ரிசல்ட் வரும்.