மறு: மறு: செடானின் "ரீடிசைன்" – மறுவடிவமைப்பு என்ற ஒரே சொல் போதுமா?

[பட்டியல் தொகுப்பாளர்]

அனைவருக்கும் வணக்கம். நம் வாகனவியல் கலைச்சொல் பட்டியலில் ரீடிசைனுக்கு "மறுவடிவமைப்பு", ஒரு மாடலின் தோற்றத்தை நடுவில் சற்று மாற்றும் ஃபேஸ்லிஃப்ட்டுக்கு "முகப்பு மாற்றம்" என்று போட்டிருக்கிறோம். பெரிய அமெரிக்கச் செடான்களைப் பற்றி எழுதும்போது இரண்டுமே உதைக்கின்றன. 1991 ஷெவர்லே கப்ரீஸை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி வடிவம் போய் உருண்ட உடல் வந்தது. பின்சக்கரத்தின் மேல்பகுதி தகட்டுக்குள் மறைந்தது. கரையொதுங்கிய திமிங்கிலம் என்று கேலி பேசினார்கள். ஆனால் அடியில் இருந்தது 1977-இல் வந்த, உடலைத் தாங்கும் இரும்புச் சட்டம்தான் (சேஸ்); முன், பின் அச்சுகளுக்கு இடையிலான அச்சிடைத் தூரமும் அதே 116 அங்குலம். இது மறுவடிவமைப்பு என்றால், அந்த 1977 மாடலை என்னவென்று சொல்வது? அதில் அச்சிடைத் தூரத்தையே 121.5-லிருந்து 116 அங்குலத்துக்குக் குறைத்தார்கள். வண்டியின் நீளத்தில் சுமார் 10 அங்குலம் போனது, டிக்கியில் இடம் கூடியது.

[கரூர் அன்பர்]

ஐயா, இதற்குப் புதுச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை. இங்கே பஸ் கூண்டு கட்டும் தொழிலில் சேஸ் தனியாக வரும், கூண்டு அதன்மேல் ஏறும். பழைய சேஸில் புதுக் கூண்டு ஏற்றுவதும் உண்டு. கப்ரீஸும் சட்டத்தின்மேல் போல்ட் போட்டு உடலை உட்கார்த்திய வண்டிதானே! *கூண்டுமாற்றம்* என்று வைக்கலாம்.

அந்த வண்டி ஏன் அசிங்கமாகத் தெரிந்தது என்பதும் இந்தச் சொல்லிலேயே விளங்கிவிடும். கூண்டை அகலமாக்கிவிட்டு அச்சின் அகலத்தை அப்படியே விட்டால் சக்கரம் உள்வாங்கிப் போகும். டயருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவே பள்ளம் விழும். 1994-இல் வந்த ஷெவர்லே இம்பாலா எஸ்எஸ் அதே கூண்டுதான். 17 அங்குல வீலில் 255 மி.மீ. அகல டயரைப் போட்டு, வண்டியைச் சற்றுத் தாழ்த்தி, ஒரே நிறத்தில் பெயின்ட் அடித்ததும் கேலி பேசிய வாயெல்லாம் அடைத்தது.

[கோவை, டை வடிவமைப்பு]

> ஃபேஸ்லிஃப்ட்டுக்கு "முகப்பு மாற்றம்"

இதை எடுத்துவிடுங்கள். அதே கப்ரீஸில் 1993-இல் நடந்த முக்கியமான மாற்றம் முகப்பில் இல்லை. மூடியிருந்த பின்சக்கர வளைவைத் திறந்துவிட்டார்கள். பின்பக்கத் தகடு போல்ட்டில் கழற்றி மாட்டுவதல்ல, உடலோடு வெல்ட் ஆவது. அதற்கு டையை, அதாவது தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் கருவியை, திருத்த வேண்டும். பானெட், முன் மட்கார்டு, பம்பர், விளக்கு ஆகியவற்றை மாற்றுவது செலவு குறைவு. கதவு, கூரை, கண்ணாடிச் சட்டம் என்று போனால் டை செலவு மட்டுமல்ல, ரப்பர் பீடிங் உட்காரும் கோடுகூட மாறிவிடும். ஆகவே எந்தப் பக்கம் மாறியது என்று பார்ப்பதைவிட, முன்கண்ணாடியும் கதவும் பழைய வண்டிக்குப் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதுதான் சரியான சோதனை. பொருந்தினால் அது ஃபேஸ்லிஃப்ட்.

[மதுரை, தமிழாசிரியர்]

"மெருகேற்றம்" என்று தனிமடலில் ஒரு பரிந்துரை வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது பாராட்டுச் சொல். மாற்றம் வண்டியைக் கெடுத்தும் இருக்கலாம். கலைச்சொல் தீர்ப்பு சொல்லக் கூடாது. ஒரு தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் இடையில் நடப்பதால் *இடைமாற்றம்* போதும். இடைவேளை, இடைத்தேர்தல் போல எளிதில் வாயில் புழங்கும்.

[கோவை, டை வடிவமைப்பு]

இடைமாற்றத்துக்கு என் வாக்கு. கூண்டுமாற்றத்துக்கும் சரி, ஆனால் தலைகீழ் நிலைக்கும் ஒரு சொல் வேண்டும். 2003 ஃபோர்டு கிரவுன் விக்டோரியா வெளியே பார்த்தால் 1998 மாடல்தான். உள்ளே சட்டம் புதிது, ஸ்டீயரிங் ரேக்-பினியனுக்கு மாறியது, பின் ஷாக் அப்சார்பர்கள் சட்டத்துக்கு வெளியே வந்தன. ஒரே வண்டிதானே என்று 2002-இன் வீலை வாங்கி 2003-இல் மாட்டினால் சேராது, ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து அதை மாட்டும் முகம் விலகியிருக்கும் அளவு) வேறு. உதிரிபாகம் விற்பவருக்கு இது பெரிய தலைவலி. *சட்டமாற்றம்* என்று எழுதினால் வாங்குபவர் எச்சரிக்கையாக இருப்பார்.

[மதுரை, தமிழாசிரியர்]

தனியே நின்றால் "சட்டத் திருத்தம்" என்றுதான் படிப்பார்கள். *அடிச்சட்டமாற்றம்* என்று நீட்டிவிடுங்கள், பாதகமில்லை.

[கரூர் அன்பர்]

சரி. ஆனால் தனிச்சட்டம் இல்லாத வண்டிக்கு என் சொல்லைக் கொண்டுபோகாதீர்கள். 2011 டாட்ஜ் சார்ஜரில் அடித்தளம் பழையதன் வழிவந்தது, வெளித்தகடு முழுக்கப் புதிது. அங்கே கூண்டுதான் சட்டமும். கூண்டு மாறியது என்றால் எல்லாமே மாறியது என்று பொருளாகிவிடும். *தகடுமாற்றம்* என்று சொல்லலாம்.

[பட்டியல் தொகுப்பாளர்]

நல்லது. மறுவடிவமைப்பை 1977 போல மேலும் கீழும் சேர்ந்து மாறிய வண்டிக்கு மட்டும் ஒதுக்குகிறேன். மற்ற நான்கும் தனிச்சொற்களாகப் பட்டியலில் ஏறும். 2015 சார்ஜர் மட்டும் இழுபறி. வெளித்தகடு பெரும்பாலும் புதிது என்றாலும் கூரையும் பின்கதவுகளும் பழையவை. கோவை நண்பரின் சோதனையை வைத்து அதை இடைமாற்றத்தின் கீழ்ச் சேர்க்கிறேன். முன்கதவு புதிதாயிற்றே என்று மறுப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.